கிளட்ச், பிரேக், ஆயில் பிரஷர்: பழைய லோடு வண்டியில் அழுத்தம் எங்கே தொலைகிறது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை நிற்கும் லோடு வண்டிகளில் புதுசு குறைவு. குட்டியானை (டாடா ஏஸ்), பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்னும் விடாமல் ஓடும் டாடா 207 என்று பலவும் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. ஓட்டுகிறவரே முதலாளி. வண்டி ஒரு நாள் ஷெட்டில் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்றால் வருடா வருடம் எஃப்சிக்கும் (தகுதிச் சான்று) போய் நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் புகார்கள் மூன்று: கியர் விழ மாட்டேங்குது, பிரேக் இறங்குது, ஆயில் லைட் எரியுது. புகார் வந்ததுமே தீர்ப்பும் வந்துவிடும். கிளட்ச் பிளேட் போச்சு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போச்சு, எஞ்சின் இறக்கணும். பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவில் காசே செலவில்லாத சில சோதனைகள் இருக்கின்றன. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடியவை அவை. அவற்றைச் செய்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால் வேலை பாதியில் தொடங்கும். இந்தக் கட்டுரை அதற்குத்தான். மெக்கானிக் வேலையை நாமே செய்வதற்கு இல்லை.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிரேக்கிலும், பெரிய பிக்கப்களின் கிளட்சிலும், எஞ்சினுக்குள்ளும் வேலை பார்ப்பது ஒரு திரவத்தின் அழுத்தம். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது. ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலால் 20 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். அது நாலு மடங்காக்கி 80 கிலோவாக, ஆயிலைப் பைப்புக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கிறது. மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், பைப்புக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. முன் சக்கர காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால் பேட் மீது 400 கிலோ விழும். 20 கிலோ 400 ஆனது இப்படித்தான். காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் உதவியை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த வழியில் நடுவே காற்றுக் குமிழி ஒன்று புகுந்தால் கணக்கு குலைந்துவிடும். காற்று சுருங்கும்; கால் கொடுத்த தூரம் அதைச் சுருக்கவே தீர்ந்துபோகும். எங்காவது கசிந்தாலும் அதே கதிதான். ஆகவே எந்தப் புகார் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: திரவம் இருக்கிறதா, அழுத்தம் உருவாகிறதா, உருவான அழுத்தம் போகும் வழியில் எங்கே தொலைகிறது?

பிரேக்: பெடல் சொல்வதைக் கேளுங்கள்

முதலில் டப்பாவைப் பாருங்கள். பிரேக் ஆயிலின் மட்டம் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் முன் பேட் தேய்ந்துவருகிறது என்று அர்த்தம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஒரே வாரத்தில் குறைந்தால் அது கசிவு. அந்த நேரத்தில் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. மினரல் ஆயில் பட்டால் பிரேக் சிஸ்டத்தில் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும். அப்புறம் மாஸ்டரில் தொடங்கி நாலு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும்.

அடுத்தது பெடல். எஞ்சின் ஓடட்டும், வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. வெளியே எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை, டப்பாவிலும் மட்டம் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. இந்தக் கோளாறு ஒரு திருடன் மாதிரி: வெளியே தடயமே இருக்காது. வேகமாக மிதித்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். சிக்னலில் மெதுவாக மிதித்து நிற்கும்போதுதான் பெடல் தரைக்குப் போகும்.

பெடல் முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் மேலே வருகிறதா? வந்த பிறகு கெட்டியாக இருந்தால் பின் சக்கரத்தில் ஷூவுக்கும் (உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டை), சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தால் போதும். மேலே வந்த பிறகும் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுத்த சில நாளிலேயே மறுபடி பஞ்சானால் திரும்பத் திரும்ப ஏர் எடுப்பதில் பயனில்லை. காற்று நுழையும் ஓட்டையைத் தேட வேண்டும்.

பெடல் கல்லு மாதிரி இருந்து, வண்டியும் நிற்க மறுத்தால் கதை வேறு. அங்கே திரவத்தில் குறையில்லை, பூஸ்டரின் உதவி வரவில்லை. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை ஒரு வேக்கம் பம்ப் உருவாக்குகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து மிச்ச வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் ஹோஸ், அதில் இருக்கும் ஒருவழி வால்வ், பம்ப், பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். வெடித்துப்போன ஹோஸ் விலை குறைந்த சாமான், பூஸ்டர் அப்படியில்லை. அதனால்தான் இந்த வரிசை.

மீன் லோடு வண்டிக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாகச் சொட்டிப் பின் ஆக்ஸில் மேல் விழும். அங்கேதான் இரும்புப் பிரேக் பைப் ஆக்ஸிலை ஒட்டிப் போகிறது. பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் சேறும் உப்பும் தங்கி, துரு உள்பக்கமாகத் தின்னும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளிப்பை நகர்த்தி, அழுக்கைத் துணியால் துடைத்து, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்து அடியில் வழவழப்பான பைப் தெரிந்தால் பரவாயில்லை. குழி குழியாக இருந்தால் அடுத்த அவசர பிரேக்கில் அது பிளக்கலாம், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது என்பேன்.

பின் சக்கரத்தில் ஈரம் தெரிந்தால் எது கசிகிறது என்று பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்லத் தூக்கினால், உள்ளிருந்து ஆயில் வழிந்தால் சிலிண்டர் போச்சு. அந்த ஈரம் தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். கரையாமல், கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது கியர் ஆயில். ஆக்ஸில் சீல் கசிகிறது. இரண்டில் எது ஊறியிருந்தாலும் ஷூவின் லைனிங்கைக் (உராய்வுப் பட்டை) கழுவி மறுபடி போடுவதில் அர்த்தமில்லை. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இனி இதற்கு நேரெதிரான கோளாறு: பிரேக் விட மாட்டேன் என்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே அடிக்கடி நின்று நின்று போன பிறகு இது நன்றாகத் தெரியும். வண்டியை விட்டு இறங்கியதும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் சோதனை அருமையானது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிளீடிங் நிப்பிளை (ஏர் எடுக்கும் சிறு திருகு) லேசாகத் திறப்பார்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே லேசாகச் சுற்றினால் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டியிருந்தது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும், அல்லது பெடலில் ஃப்ரீ பிளே (கெட்டிப்படும் முன் சும்மா ஆடும் தூரம்) இல்லாமல் மாஸ்டரின் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் திரவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலிப்பர் பின் துருப்பிடித்திருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டியிருக்கும்.

பிரேக் ஆயிலுக்கும் வயசு உண்டு. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும்; கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 ரகப் புது பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. ஓவர்லோடோடு பிரேக் சூடேறினால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி என்பது காற்றுக் குமிழிதான், பெடல் தரைக்குப் போகும். ஆகவே மட்டம் சரியாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். டப்பாவுக்குள் டீ டிக்காக்ஷன் நிறம் தெரிந்தால் இரண்டு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணீரைக் கடந்து வந்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் சூட்டில் காய்ந்துவிடும்.

கிளட்ச்: இரண்டு எதிர்ப் புகார்கள்

கிளட்ச் கோளாறு என்று பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. கிளட்ச் பிடிக்காமல் நழுவுவது ஒன்று. விடாமல் இழுப்பது இன்னொன்று. இரண்டும் நேரெதிர், வைத்தியமும் எதிர்.

நழுவுவதை வடசென்னையில் கண்டுபிடிப்பது கொஞ்சம் தாமதமாகும். ஊர் முழுக்கச் சமதளம். ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். லோடோடு பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? கருகிய வாடை வருகிறதா? அது நழுவல். பாலம் வரை போகாமலே பார்க்கலாம். சமதளத்தில் மூன்றாவது அல்லது நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே சட்டென்று ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். எஞ்சின் தனியாக அலறினால், எஞ்சின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் பிடிக்கவில்லை.

ஆனாலும் உடனே பிளேட் வாங்கப் போக வேண்டாம். குட்டியானை போன்ற சிறிய வண்டிகளில் கிளட்ச் கேபிளில் வேலை செய்கிறது. கேபிள் ரொம்ப டைட்டாக இருந்தால், கால் வைக்காமலே கிளட்ச் அரைகுறையாக அமுங்கியிருக்கும். பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டிப்படும் முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். எவ்வளவு ஆட வேண்டும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். அந்த ஆட்டமே இல்லையென்றால் அட்ஜஸ்ட் செய்தபிறகு மறுபடி சோதியுங்கள். அப்போதும் நழுவினால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது ஆயில் பட்டிருக்கிறது. கிளட்ச் இறக்கும்போது பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. தடிமன் இருந்தும் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) சீலோ கியர் பாக்ஸ் சீலோ கசிகிறது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது பணத்தைக் கரைப்பதுதான்.

பிளேட் சீக்கிரம் தேய்வதற்குச் சாலையும் ஒரு காரணம். துறைமுக வரிசையில் வண்டி வண்டியாக நகரும்போது ஹாஃப் கிளட்சில் மிதக்கவிட்டே ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. முன்னால் ஒரு வண்டி இடம் விட்ட பிறகு நகர்ந்து, நின்றதும் நியூட்ரலுக்குப் போய், காலை முழுசாக எடுத்துவிடுவது பிளேட்டுக்கு நல்லது.

இழுவைக்கு வருவோம். ரிவர்ஸ் போடும்போது கியர் கடிக்கிறது, ஃபர்ஸ்ட் விழ மறுக்கிறது. கிளட்சை முழுக்க மிதித்து மூன்று நாலு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பொறுத்தும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லா கியரும் லேசாக விழுகிறது என்றால் கியர் பாக்ஸ் மீது பழி போட வேண்டாம். ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால் பெடலை நாலைந்து முறை பம்ப் செய்யுங்கள். பம்ப் செய்ததும் கியர் விழுந்தால் பிரேக்கில் பார்த்த அதே கதைதான்: காற்றோ, மாஸ்டர் சிலிண்டரிலோ கிளட்ச் முனையில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவோ. சில வண்டிகளில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவில் குடிக்கின்றன. ஒன்றில் கசிந்தால் மற்றதன் மட்டத்தையும் பாருங்கள். கேபிள் வண்டி என்றால் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். பெடல் பக்க முனையில் ஒரு இழை பிரிந்து நின்றாலும் மாற்றிவிடுங்கள். அது நடுரோட்டில்தான் அறும்.

சத்தமும் ஒரு துப்பு. பெடலை மிதிக்கும்போது மட்டும் கிர்ரென்றால் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் பேரிங். மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

ஆயில் பிரஷர்: லைட் எரிந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

இங்கே திரவம் அடைபட்டு நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாக அது நெருக்கி வெளியேறும்போதுதான் அழுத்தம் உருவாகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால், பம்ப் புதுசாகவே இருந்தாலும் அழுத்தம் நிற்காது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போனாலும் அப்படித்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் இல்லாமல், மதியம் லோடு இறக்கி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓட) நிற்கும்போது லைட் மினுக்குவதற்கு இதுவே காரணம்.

அந்தச் சிவப்பு லைட்டை ‘ஆயில் குறைஞ்சிருக்கு’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. மட்டம் வேறு, அழுத்தம் வேறு. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் அரை ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அளவுக்கும் கீழே போனால்தான் ஸ்விட்ச் லைட்டை எரியவிடும். ஓடும் எஞ்சினுக்குத் தேவையானது அதைப்போலப் பல மடங்கு. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. ஆகவே லைட் எரிகிறது என்றால் அழுத்தம் குறையத் தொடங்கவில்லை, கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருதானே, ஷெட் வரை ஓட்டிவிடலாம் என்ற அந்தத் தூரத்தில்தான் பேரிங் போகிறது. டர்போ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்கட்டும். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் குறைவு என்றால் அதே கிரேடு ஊற்றிக் கசிவைத் தேடலாம். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ மட்டும் லைட் மினுக்குவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. மட்டம் மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. பால் காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியைக் கயிறு கட்டித்தான் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மட்டமும் நிறமும் சரி, லைட் மட்டும் எரிகிறது. இப்போது ஒருவேளை லைட்டே பொய் சொல்லலாம். ஆயில் ஸ்விட்ச் விலை குறைவு. அது கெடுவதும் சகஜம், அதன் வயர் உரசி பாடியில் பட்டாலும் லைட் எரியும். பொய்யா நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலிலும் 2000 ஆர்பிஎம்மிலும் பார்ப்பது. கேஜ் இல்லாத ஷெட்டில் ‘எஞ்சின் இறக்கணும்’ என்று சொன்னால், கேஜ் இருக்கும் ஷெட்டுக்குப் போங்கள். கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் ஸ்விட்ச் மாற்றினால் வேலை முடிந்தது.

கேஜிலும் குறைவு என்றாலும் உடனே பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஃபில்டர், ஆயில் மாற்றிய தேதி, ஊற்றிய கிரேடு. அடுத்து சம்ப். சம்ப்பைக் கழற்றினால் ஸ்ட்ரெய்னர் வலையைப் பாருங்கள். முன்பு யாரோ சம்ப்பை மாட்டும்போது சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருப்பார். போல்ட் இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து, நூடுல்ஸ் நூடுல்ஸாக உதிர்ந்து, அந்த வலையில் வந்து ஒட்டியிருக்கும். அதை எடுத்தாலே அழுத்தம் திரும்பிவிடுவதும் உண்டு. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் மாட்டியிருந்தாலும் அப்படியே. சம்ப்பின் அடியில் பளபளவென்று உலோகத் தூள் மின்னினால்தான் பேரிங்கைத் திறக்கும் பேச்சு. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அடியில் டக் டக் என்று தட்டும் சத்தமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கெட்டியான ஆயில் ஊற்றி லைட்டை அணைக்கும் வித்தை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கையேட்டில் 15டபிள்யூ-40 கிரேடு என்றிருக்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் சில நாள் லைட் எரியாது. தேய்மானம் தேய்மானமாகவே இருக்கும், காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதமும் ஆகும். எஞ்சின் வேலைக்குப் பணம் சேரும் வரை ஓட்டுவதற்கு என்று தெரிந்தே செய்தால் அது உங்கள் முடிவு. பழைய வண்டி விற்கிறவர் அதைச் செய்திருந்தால் வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆகவே செகண்ட் ஹேண்டில் வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஆயில் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும், அல்லது யாரோ வயரைக் கழற்றிவிட்டிருப்பார்கள். எரிந்தால் ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் அணைய வேண்டும். பிறகு லோடு ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டு, மறுபடி அந்த லைட்டைப் பாருங்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம்.